தொற்றுக் காலத்தில் கிளைக் கூட்டங்களை நடத்துவது: புதிய பொறுப்பாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

கிளையின் நிகழ்ச்சிப் பொறுப்பாளராக உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு அரங்கம் பேசியாயிற்று, பேச்சாளரும் வருவதாகச் சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்து ஒரு தொற்று பரவத் தொடங்குகிறது. உலக சுகாதார நிறுவனம் கோவிட்-19ஐப் பெருந்தொற்று என்று அழைத்த 2020 மார்ச் 11 அன்று நான் இதே நிலையில் இருந்தேன். தொழில்முறைச் சங்கம் ஒன்றின் கிளையில் சம்பளமில்லாத தன்னார்வப் பொறுப்பு. கையில் ஓராண்டுக்கான அட்டவணை. உலகளாவிய அவசரநிலை முடிந்ததாக 2023 மே 5 அன்று அறிவிப்பு வரும்வரை அந்த அட்டவணையைத் திரும்பத் திரும்ப மாற்றி எழுதினோம். இப்போது இந்தப் பொறுப்புக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது எந்தச் செயலி நல்லது என்பதைத்தான். அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் உறுப்பினர்கள் ஏன் வருகிறார்கள் என்று எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் உங்கள் கிளை ஓராண்டில் நடத்தும் எல்லா நிகழ்ச்சிகளும்: மாதக் கூட்டம், பயிற்சி வகுப்பு, புதிய உறுப்பினர் அறிமுகம், பணித்தளப் பார்வை, ஆண்டுப் பொதுக்கூட்டம், விருது விழா. வலப்பக்கம், ஒவ்வொன்றுக்கும் ஆட்கள் எதற்காக வருகிறார்கள் என்று ஒரே ஒரு வரி. உங்கள் ஊகத்தை எழுதாதீர்கள். செயற்குழுவில் இருப்பவர்கள் ஆளுக்குப் பத்து உறுப்பினர்களைத் தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள். மின்னஞ்சலில் கேட்டால் "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்று ஒரு வரிதான் வரும். குரலில் கேட்டால் உண்மை வரும்.

நாங்கள் அப்படிக் கேட்டபோது, மாதக் கூட்டத்தைப் பற்றிப் பேசியவர்களில் பெரும்பாலோர் பேச்சாளரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பேச்சுக்கு முந்தைய கால் மணி நேரத்தையும், முடிந்து வாசலில் நின்று பேசும் அரை மணி நேரத்தையும்தான் சொன்னார்கள். "என் வேலையில் நான் ஒருத்திதான். இந்தத் துறையில் இன்னொருவரிடம் பேச வேண்டுமென்றால் எனக்குக் கிளைக் கூட்டம்தான்" என்றார் ஓர் உறுப்பினர். இது தெரியாமல் நாங்கள் அப்படியே இணையத்துக்குப் போயிருந்தால், ஒரு மணி நேர உரையை ஒளிபரப்பிவிட்டு அவர் எதற்காக வந்தாரோ அதை வெட்டி எறிந்திருப்போம். பல கிளைகளில் அதுதான் நடந்தது. இரண்டு மூன்று கூட்டங்களுக்குப் பிறகு ஆட்கள் குறைந்தபோது, திரையில் உட்கார்ந்து உட்கார்ந்து உறுப்பினர்களுக்குச் சலித்துவிட்டது என்று எடுத்துக்கொண்டார்கள்.

வலப்பக்க வரி எழுதியபின் மாற்றுவழி தானாகப் புலப்படும். பாடம்தான் நோக்கம் என்றால் பதிவுசெய்த காணொலியே போதும். சான்றிதழுக்கான நேரக்கணக்குதான் நோக்கம் என்றால் வருகைப் பதிவு சரியாக இருக்க வேண்டும். மனிதர்களைச் சந்திப்பது என்றால் சிறிய குழு வேண்டும். கண்ணால் பார்ப்பதே நோக்கமான பணித்தளப் பார்வையை ஒத்திப்போடுவதே நேர்மை.

படி 2: ஒத்திவைப்பதை யார், எப்போது முடிவு செய்வார்கள் என்று இன்றே தீர்மானியுங்கள்

தொற்று நம் பகுதிக்கு வந்தபின் கூடிப் பேசி முடிவெடுக்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். 2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காஜிட் பகுதியைச் சேர்ந்த ஒரு பாடகர் குழு இரண்டரை மணி நேரம் ஒத்திகை பார்த்தது. வந்தவர்கள் 61 பேர். அவர்களில் ஒருவருக்கு அறிகுறி இருந்தது. பின்னர் 53 பேர் நோயுற்றதாகக் கண்டறியப்பட்டது. இரண்டு பேர் இறந்தார்கள். நம் கிளைக் கூட்டமும் அதே போன்றதுதான். அதே அளவு கூட்டம், மூடிய அறை, நெருங்கி உட்கார்ந்து சத்தமாகப் பேச்சு. அந்த எண்களைச் செயற்குழுவில் வாசித்துக் காட்டிய பிறகு எங்களுக்குள் வாக்குவாதம் நின்றுபோனது.

மூன்று விஷயங்களைத் தீர்மானமாக எழுதி வையுங்கள். ஒன்று, முடிவெடுப்பவர்: தலைவர், செயலாளர், நிகழ்ச்சிப் பொறுப்பாளர் மூவரில் இருவர் சொன்னால் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுச் செயற்குழுவையும் கூட்டுவதற்குள் நாள் போய்விடும். இரண்டு, முடிவு நாள்: கூட்டத்துக்கு ஏழு நாள் முன்பு. மூன்று, எந்த நிலைமையில் நிறுத்துவது: அரசின் தடையா, உள்ளூர் சுகாதாரத் துறையின் எச்சரிக்கையா, அரங்கத்தார் மூடுவதா என்பதைத் தெளிவாக எழுதுங்கள்.

உறுப்பினர்களுக்கு அனுப்பும் செய்தி சுருக்கமாக இருக்கட்டும். "வரும் சனிக்கிழமைக் கூட்டம் அரங்கத்தில் நடக்காது. அதே நேரத்தில் இணையத்தில் நடக்கும். லிங்க் வியாழன் மாலை வரும். கட்டணம் செலுத்தியவர்களுக்குப் பணம் பத்து நாளில் திரும்பி வரும். சந்தேகம் இருந்தால் இந்த எண்ணுக்குப் பேசுங்கள்." இவ்வளவு போதும். "நிலைமையைக் கவனித்து வருகிறோம், விரைவில் தெரிவிப்போம்" என்று எழுதுவது உறுப்பினரைத் தொங்கலில் விடும். பயணச்சீட்டு எடுத்தவருக்கும் விடுப்பு சொன்னவருக்கும் வேண்டியது நடக்குமா நடக்காதா என்ற பதில்.

அரங்க முன்பணம் பற்றி ஒரு வார்த்தை. ஒப்பந்தத்தில் தவிர்க்க முடியாத நிகழ்வுகள் பற்றிய பிரிவு இருக்கிறதா, அதில் தொற்றுநோய் என்ற சொல் இருக்கிறதா என்று பொருளாளருடன் உட்கார்ந்து பாருங்கள். பணத்தைத் திருப்பிக் கேட்பதைவிட வேறு தேதிக்கு மாற்றித் தரச் சொன்னால் அரங்கத்தார் எளிதில் இணங்குவார்கள். அவர்களும் அப்போது நெருக்கடியில்தான் இருப்பார்கள்.

படி 3: முதல் இணையக் கூட்டம்

இனிச் செயலியைப் பற்றிப் பேசலாம். உறுப்பினர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே பயன்படுத்துவது எதுவோ, அதுவே நல்லது. ஜூமின் இலவசக் கணக்கில் 100 பேர் வரை சேரலாம்; ஆனால் 40 நிமிடத்தில் கூட்டம் தானாக முடிந்துவிடும். பேச்சாளர் முக்கியமான இடத்துக்கு வரும்போது திரை அணைந்தால் அவருக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம். கட்டணக் கணக்கு ஒன்றைக் கிளையின் பெயரிலேயே வாங்குங்கள். தனிப்பட்ட ஒருவரின் மின்னஞ்சலில் வாங்கினால் பொறுப்பு மாறும்போது கடவுச்சொல்லைத் தேடி அலைய வேண்டிவரும்.

லிங்க்கைப் பொதுவெளியில் போடாதீர்கள். 2020 மார்ச், ஏப்ரலில் அழையாதவர்கள் கூட்டங்களுக்குள் நுழைந்து ஆபாசப் படங்களைக் காட்டிய சம்பவங்கள் உலகம் முழுதும் நடந்தன. அதனால்தான் அந்த ஏப்ரல் 5 முதல் ஜூம் நிறுவனமே இலவசக் கணக்குகளில் கடவுச்சொல்லையும், அனுமதி கிடைக்கும்வரை வருகிறவர்களைக் காத்திருக்க வைக்கும் வெயிட்டிங் ரூமையும் தாமாகவே இயங்கும்படி மாற்றியது. பதிவு செய்தவருக்கு மட்டும் லிங்க், வெயிட்டிங் ரூம், ஸ்கிரீன் ஷேர் ஹோஸ்டுக்கு மட்டும். இந்த மூன்றும் இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை.

நான்கு பேர் வேண்டும். ஹோஸ்ட் கூட்டத்தை நடத்துவார். வாசல்காரர் வெயிட்டிங் ரூமில் இருப்பவர்களைப் பெயர் பார்த்து உள்ளே விடுவார், மியூட் செய்ய மறந்தவரை மியூட் செய்வார். மூன்றாமவர் சாட்டைப் படித்துக் கேள்விகளைத் தொகுப்பார். நான்காமவர் கையில் தொலைபேசியுடன் இருப்பார். உள்ளே வர முடியாமல் திணறுபவர்கள் அவரை அழைக்கலாம். எங்கள் முதல் கூட்டத்தில் இந்த நான்காமவர் இல்லை. கூட்டம் முடிந்த பிறகுதான் என் தொலைபேசியைப் பார்த்தேன். கிளையைத் தொடங்கியவர்களில் ஒருவர், எழுபது வயதைக் கடந்தவர், ஆறு முறை அழைத்திருந்தார். திரும்ப அழைத்தபோது, "எல்லார் முகமும் தெரிந்ததம்மா, சத்தம்தான் கேட்கவில்லை. கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றார். ஒரு மணி நேரம் சத்தமில்லாமல் எங்கள் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். மறுநாள் தொலைபேசியிலேயே, ஆடியோவில் இணையச் சொல்லும் அந்தப் பொத்தானை எங்கே அழுத்துவது என்று சொன்னேன். ஐந்து நிமிட வேலை. அடுத்த கூட்டத்திலிருந்து, கூட்டத்துக்கு முந்தின நாள் மாலை அரை மணி நேரம் "சும்மா வந்து சரிபார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு லிங்க் திறந்து வைத்தோம். அதற்கு வந்தவர்கள் சரிபார்த்து முடித்த பிறகும் போகாமல் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பேச்சாளருடன் ஒத்திகை கட்டாயம். அவர் அன்று உட்காரப்போகும் அதே இடம், அதே கணினி, அதே மைக். வெளிச்சம் முகத்தின் முன்னால் வர வேண்டும். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் நிழலுருவம்தான் தெரியும். அவருடைய ஸ்லைடுகளின் ஒரு பிரதி உங்களிடமும் இருக்கட்டும். அவருக்கு இணையம் போனால் நீங்கள் காட்டலாம், அவர் தொலைபேசி வழியாகப் பேசலாம். எங்களுக்கு இது ஒருமுறை நடந்தது. பார்த்தவர்களில் பலருக்கு அது தெரியவே இல்லை.

நேரத்தைக் குறையுங்கள். அரங்கத்தில் ஒரு மணி நேரம் பேசுபவருக்கு இணையத்தில் 25 நிமிடம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லென்சன் 2021இல் வெளியிட்ட கட்டுரையில் காணொலிக் கூட்டக் களைப்புக்கு நான்கு காரணங்கள் சொன்னார்: ஓயாமல் மிக அருகில் கண்ணுக்குக் கண் பார்ப்பது, தன் முகத்தைத் தானே பார்த்துக்கொண்டிருப்பது, அசையாமல் ஒரே இடத்தில் இருப்பது, தலையசைப்பு போன்ற சைகைகளை அனுப்பவும் புரிந்துகொள்ளவும் மூளை கூடுதலாக உழைப்பது. இவற்றில் பாதியைத் தொடக்கத்திலேயே ஹோஸ்ட் தீர்த்துவிடலாம். "கேமராவை அணைத்துக்கொள்வது உங்கள் விருப்பம். உங்கள் முகம் உங்களுக்கே தெரியாதபடி மறைத்துக்கொள்ளலாம். எழுந்து நடந்துகொண்டே கேளுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். கேமராவைக் கட்டாயப்படுத்தும் கிளைகள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரே அறையில் குழந்தையும் நோயாளியும் இருக்கும் வீட்டிலிருந்து ஒருவர் வருகிறார் என்றால் அவர் வந்ததே பெரிது.

படி 4: வாசலில் நின்று பேசும் அந்த அரை மணி நேரம்

இந்த வேலையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். உரை முடிந்ததும் பிரேக்கவுட் ரூம்களை, அதாவது வந்தவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்துப் பேசவிடும் தனி அறைகளைத் திறங்கள். ஓர் அறைக்கு மூன்று பேர், அதிகம் போனால் நான்கு. ஆறு பேர் ஆனால் இருவர் பேசுவார்கள், நால்வர் கேட்பார்கள். பழையவர் ஒருவர், புதியவர் ஒருவர், நடுவில் ஒருவர் என்று பெயர்ப் பட்டியலை முன்கூட்டியே பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். செயலியே குலுக்கிப் பிரித்தால் மூன்று புதியவர்கள் ஓர் அறையில் மாட்டிக்கொண்டு விழிப்பார்கள்.

பேசுவதற்கு ஒரு கேள்வி கொடுங்கள். "உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள்" என்றால் பதவியும் நிறுவனமும் சொல்லி முடித்து மௌனமாகிவிடுவார்கள். "இந்த மாதம் வேலையில் எதை முதல்முறையாகச் செய்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பன்னிரண்டு நிமிடம் கொடுங்கள். இரண்டு நிமிடம் இருக்கும்போது அறிவிப்பு அனுப்புங்கள். அறைக்குள் பேசுவதைப் பதிவு செய்யவில்லை என்று முன்பே சொல்லுங்கள்.

2020 ஜூனில் அப்படி ஓர் அறையில் நானும் இருந்தேன். மூன்றாமவர் கேமராவை அணைத்திருந்தார். அவர் முறை வந்தபோது சிறிது நேரம் ஒன்றும் கேட்கவில்லை. மியூட்டில் இருக்கிறாரோ என்று நினைத்தேன். பிறகு, "போன வாரத்தோடு வேலை போய்விட்டது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை" என்றார். எங்களுடன் இருந்த மூத்த உறுப்பினர் எந்த ஆறுதலும் சொல்லவில்லை. "உங்கள் விவரக்குறிப்பை இன்றிரவே எனக்கு அனுப்புங்கள். சேர்ந்து திருத்துவோம்" என்றார். நேரம் முடிந்து மூவரும் பொதுத் திரைக்கு இழுக்கப்பட்டோம். அன்றைக்கு யார் என்ன தலைப்பில் பேசினார் என்று எனக்கு நினைவில்லை.

இதிலிருந்து ஒரு நடைமுறை பிறந்தது. மாதக் கூட்டம் ஒன்று போதாது என்று பதினைந்து நாளுக்கு ஒருமுறை, பேச்சாளர் இல்லாமல், தலைப்பு இல்லாமல், 45 நிமிடம் மட்டும் ஒரு சந்திப்பு வைத்தோம். வேலை தேடுபவர்களுக்கென்று தனியாக இன்னொன்று. செலவு எதுவும் இல்லை. யாராவது ஒருவர் ஒவ்வொரு முறையும் தவறாமல் வந்து திறந்து வைக்க வேண்டும், அவ்வளவுதான் தேவை.

படி 5: திரைக்கு வராதவர்களைத் தேடுங்கள்

மூன்று கூட்டங்களுக்கு வராதவர்களின் பட்டியலை எடுத்து ஒவ்வொருவராக அழையுங்கள். "ஏன் வரவில்லை" என்று கேட்காதீர்கள், "எப்படி இருக்கிறீர்கள்" என்று கேளுங்கள். சிலருக்கு இணைய வேகம் போதாது; தொலைபேசி எண் வழியாகக் குரல் மட்டும் கேட்கும் வசதி இருப்பதைச் சொல்லுங்கள். சிலருக்கு நேரம் ஒத்துவராது. பதிவை அனுப்புங்கள், ஆனால் பேச்சாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கியபின். சிலர் சந்தா கட்ட முடியாமல் ஒதுங்கியிருப்பார்கள். அவர்களுக்குச் சந்தாவைத் தள்ளிவைக்கவோ விலக்களிக்கவோ செயற்குழுவில் முன்பே தீர்மானம் போட்டு, அதைப் பொருளாளரும் நீங்களும் மட்டும் அறிந்த விஷயமாக வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கு விலக்கு என்று பட்டியல் வெளியானால் அடுத்தவர் வாய்திறந்து கேட்க மாட்டார்.

படி 6: நேரக்கணக்கும் ஓட்டுக்கணக்கும்

சான்றிதழைப் புதுப்பிக்கப் பயிற்சி நேரம் கணக்கு வைக்கும் துறைகளில் இணையக் கூட்டமும் எண்ணிக்கையில் சேர வேண்டும். எடுத்துக்காட்டாக, திட்ட மேலாண்மைக்கான பிஎம்பி சான்றிதழ் வைத்திருப்பவர் மூன்று ஆண்டுகளுக்குள் 60 புள்ளிகள் சேர்க்க வேண்டும்; ஒரு மணி நேரக் கற்றலுக்கு ஒரு புள்ளி. நம் கூட்டம் ரத்தானால் அவருக்கு அந்த மணி நேரம் போகிறது. செயலி தரும் வருகை அறிக்கையை அன்றே இறக்கி வையுங்கள். தொலைபேசியில் வந்தவர்கள் அதில் வெறும் எண்ணாகத்தான் இருப்பார்கள். வாசல்காரர் அந்த எண்களுக்கு எதிரே பெயர் எழுதி வைக்கட்டும்.

ஆண்டுப் பொதுக்கூட்டம் இன்னும் கவனமாகச் செய்ய வேண்டியது. கிளையின் விதிமுறைகளில் மின்னணு வழிக் கூட்டத்துக்கும் வாக்களிப்புக்கும் இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் தலைமைச் சங்கத்திடம் எழுத்துபூர்வமாகக் கேட்டுப் பதில் வாங்குங்கள். சட்டப்படி பதிவான அமைப்பு என்றால் உங்கள் பதிவுச் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்தவரிடம் கேளுங்கள். கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச ஆட்கள் இருக்கிறார்களா என்று தொடக்கத்தில் மட்டும் எண்ணினால் போதாது. திரைக் கூட்டத்தில் ஆட்கள் சத்தமில்லாமல் போய்விடுவார்கள், அதனால் ஒவ்வொரு வாக்கெடுப்புக்கு முன்பும் எண்ணிக் குறிப்பேட்டில் எழுதுங்கள். பதவிக்கான தேர்தலைக் கூட்டத்துக்குள் கைதூக்கி நடத்த வேண்டாம். உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒருமுறை மட்டும் திறக்கும் வாக்குச்சீட்டு லிங்க்கை அனுப்புங்கள்.

படி 7: பாதி அரங்கில், பாதி திரையில்

தொற்று தணியும்போது செயற்குழுவில் யாராவது, "ஹைபிரிடாக வைத்துவிடலாமே, இரண்டு பக்கமும் திருப்தி" என்பார்கள். எல்லாவற்றிலும் கடினமானது இதுதான். மேசை ஓரத்தில் ஒரு மடிக்கணினியைத் திறந்து வைத்தால் ஹைபிரிட் ஆகிவிடாது. எங்கள் முதல் முயற்சியில் அறையில் பதினைந்து பேர், திரையில் முப்பது பேர். பின்வரிசையிலிருந்து வந்த கேள்வி எதுவும் திரையிலிருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. பேச்சாளர் சிரித்தார், அறை சிரித்தது, திரையில் முப்பது முகங்கள் அப்படியே இருந்தன. ஓர் உறுப்பினர் இருபது நிமிடம் கையை உயர்த்தி வைத்திருந்தது பிறகு பதிவைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

அதன் பிறகு நான்கு விதிகள் வைத்தோம். அறையில் யார் பேசினாலும் கையில் மைக் வாங்கித்தான் பேச வேண்டும், குரல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும். திரையிலிருப்பவர்களுக்காக மட்டும் ஒருவர் அறையில் உட்கார்ந்திருப்பார். அவர் கைதூக்கினால் பேச்சாளர் நிறுத்த வேண்டும். முதல் கேள்வி எப்போதும் திரையிலிருந்து. அறைக்குள் வேறு எவரும் தங்கள் கணினியிலோ தொலைபேசியிலோ ஒலியைத் திறக்கக்கூடாது. திறந்தால் எதிரொலி வந்து இரு பக்கமும் காது வலிக்கும். நல்ல மைக்குக்கும் ஆளுக்கும் வசதி இல்லையென்றால் ஹைபிரிட் வேண்டாம். ஒரு மாதம் அரங்கம், ஒரு மாதம் இணையம் என்று மாறி மாறி வையுங்கள். அதில் எவரும் இரண்டாந்தரமாக உணர மாட்டார்கள்.

படி 8: அரங்கத்துக்குத் திரும்பும்போது

மேசையைத் துடைப்பதைவிடக் காற்றைக் கவனியுங்கள். காற்றில் மிதக்கும் நுண்துகள்கள் வழியாகப் பரவும் நோய்க்கு ஜன்னல்தான் முதல் மருந்து. அரங்கம் பார்க்கப் போகும்போது ஒரு சிறிய கார்பன் டை ஆக்சைடு மானியை எடுத்துப் போங்கள். வெளிக்காற்றில் அது ஏறக்குறைய 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு) காட்டும். ஆட்கள் நிறைந்த அறையில் 800ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால், ஒருவர் விட்ட மூச்சை அடுத்தவர் இழுத்துக்கொண்டிருக்கிறார் என்று பொருள். ஜன்னல் திறக்காத அரங்கமாக இருந்தால் நுண்துகள்களைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்பானைக் கேளுங்கள், அல்லது வேறு அரங்கம் பாருங்கள். இடைவேளையைத் திறந்தவெளியில் வையுங்கள்.

அழைப்பிதழில் மூன்று வரி சேருங்கள்: காய்ச்சல், இருமல் இருந்தால் வர வேண்டாம்; கட்டணம் கேள்வி கேட்காமல் திருப்பித் தரப்படும்; முகக்கவசம் அணிபவர்களுக்கு அது அவர்கள் விருப்பம், யாரும் ஏன் என்று கேட்க வேண்டாம். இரண்டாவது வரி இல்லையென்றால் முதல் வரி வேலை செய்யாது. கட்டிய பணம் போகுமே என்று காய்ச்சலோடு வருகிறவர்கள் உண்டு. வந்தவர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் 14 நாள் உங்களிடம் இருக்கட்டும்; யாருக்காவது நோய் உறுதியானால் மற்றவர்களுக்குச் சொல்லலாம். அதன் பின் அழித்துவிடுங்கள்.

அரங்கம் திறந்துவிட்டது என்பதற்காக இணையச் சந்திப்புகளை ஒரேயடியாக மூடிவிடாதீர்கள். எங்கள் கிளையில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை நடந்த அந்த 45 நிமிடச் சந்திப்பை நிறுத்தலாமா என்று 2022இல் கேட்டோம். வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் ஒருவரும், வேறு நாட்டுக்கு மாறிப்போன இருவரும், மாற்றுத்திறனாளி ஒருவரும் நிறுத்த வேண்டாம் என்றார்கள். அவர்களில் ஒருவர்தான் இப்போது அதைத் திறந்து வைக்கிறார்.